எட்டில் ஒரு பங்குதான் கதைச்சுருக்கம்

உங்கள் கேள்வியை ஒருமுறை நானே திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிய. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பத்து வருஷமாகச் சரித்திர நாவல்கள் மட்டுமே படித்து, இப்போது சலித்துவிட்டது. வேறு வகைகளில் புதிதாக வரும் நல்ல புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? படித்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கமாகவே வந்து நிற்கிறதே, என்ன செய்வது? விமர்சனம் எழுதத் தகுதி ஏதாவது வேண்டுமா? நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகத்துக்கு மதிப்புரை எழுதலாமா? கேள்விகள் நான்கு. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: யார் சொல்லை நம்பி நான் வாங்குவது, நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் பேராசிரியர் இல்லை. கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் சிற்றிதழ்களுக்கு மதிப்புரையும் எழுதிவந்தேன். என் காது மரபுக் கவிதையில் பழகியது. அதனால் புதுக்கவிதைத் தொகுப்புகளைப் பற்றி நான் சொல்வதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் புனைகதையிலும் நான் கைநாட்டுதான். மற்றவற்றில் கொஞ்சம் தைரியமாகப் பேசுகிறேன்.

கண்டுபிடிப்பதற்கு முதல் இடமாக நூலகத்தைத்தான் சொல்வேன். தொழில் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. நூலகத்துக்குப் புத்தகம் பிந்தித்தான் வரும். வெளியாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்தத் தாமதம் நமக்கு லாபம். வெளியீட்டு விழாச் சத்தமெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் அலமாரிக்குப் போகாதீர்கள். திரும்பி வந்த புத்தகங்களை, அடுக்குவதற்கு முன் ஒரு மேஜையில் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே போங்கள். ஆசிரியர் கையோ பதிப்பாளர் கையோ படாத சிபாரிசு அந்தக் குவியல். உங்கள் ஊர்க்காரர்கள் போன வாரம் வீட்டுக்கு எடுத்துப்போனவை அவை. அடுத்து, புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் பல மாதங்களில் சிதறி விழுந்திருந்தால் பல பேர் எடுத்திருக்கிறார்கள். சரியாக இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கைந்து முத்திரை வரிசையாக இருந்தால் ஒரே ஆள் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் அதில் ஊறிக் கிடந்தாரா, இல்லை முடிக்க முடியாமல் தவித்தாரா என்பதைச் சீட்டு சொல்லாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில், பெரும்பாலும் இரண்டாவதுதான். கணினி வந்த இடங்களில் இந்தச் சீட்டு மறைந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாண்டிச்சேரிப் பக்கம் போனால் ரொமேன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். 1827இல் தொடங்கியது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தானே.

இரண்டாவது, புத்தகக் கண்காட்சி. சென்னையில் 1977இல் தொடங்கியது. ஜனவரி மாதம்தான் தமிழ்ப் பதிப்புலகத்துக்கு அறுவடை. அந்தத் தேதியைக் குறிவைத்தே புத்தகங்களை அச்சுக்குக் கொடுப்பார்கள். அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கண்ணில் படும் பாராட்டுகளில் அவசரம் இருக்கும், நட்பு இருக்கும், படித்த தடயம் குறைவாக இருக்கும். நான் சித்திரை வரை காத்திருப்பேன். அப்போதும் ஒரு புத்தகத்தைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாங்குவேன். நெய்வேலியில் என்.எல்.சி. நடத்தும் கண்காட்சி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, நெரிசலும் குறைவு, நின்று நிதானமாகப் பார்க்கலாம். சின்னக் கடை போட்டிருப்பவரிடம் “எது நல்லா போகுது” என்று கேட்காதீர்கள். “இதில நீங்க எதைப் படிச்சீங்க” என்று கேளுங்கள். ஒரு கணம் யோசித்துவிட்டு, அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவித் தருவார். எனக்குக் கிடைத்த நல்ல புத்தகங்களில் பல அப்படி உருவப்பட்டவை.

கையில் எடுத்ததும் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பதற்கு முன் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைத் திறங்கள். “நான்காம் பதிப்பு” என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒரு காலத்தில் பதிப்பு என்றால் 1,000, 1,200 பிரதி. இப்போது தேவைக்கேற்ப 100, 200 என்று அச்சடிக்க முடிகிறது. எனவே நான்கு பதிப்பு சேர்ந்தும் பழைய ஒரு பதிப்புக்கு ஈடாகாமல் இருக்கலாம். புது அட்டைக்குள் பழைய புத்தகம் இருப்பதும் உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் ஒரே நாவல் நான்கு பதிப்பகப் பெயரில் கிடைக்கும். விலை குறைந்ததை எடுப்பதற்கு முன் நடுவில் ஒரு பக்கம் படித்து எழுத்துப்பிழை எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்கே இருக்கிறது, எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆல்பெர் கமுயின் அந்நியனை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகவே கொண்டுவந்தார். ஆனால் வெளிநாட்டு நாவல்களில் நிறைய ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருபவை. சுற்றி வந்தாலே கெட்டது என்று சொல்லமாட்டேன். சுற்றி வந்ததை மறைப்பது கெட்டது.

இப்போது பின்னட்டைக்கும் அணிந்துரைக்கும் வருவோம். நம் மொழியில் இதற்கு ஒரு பழைய சட்டமே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூல், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது அந்தக் கால அணிந்துரை, எழுதத் தக்கவர் யார் என்று சொல்கிறது: நூலாசிரியனின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். ஆக நான்கு பேர். எத்தனை துறை கற்றாலும் “தான்தற் புகழ்தல் தகுதி அன்றே”, அதனால் வேறொருவர் எழுத வேண்டும் என்பது காரணம். நான்கு பேரும் யார் பாருங்கள். நால்வருமே வேண்டியவர்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. அணிந்துரை என்பது கல்யாண வீட்டில் வாசலில் நின்று சந்தனம் கொடுப்பது மாதிரி. அங்கே நின்றுகொண்டு சாம்பாரில் உப்பு குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாப்பிட்டு எழுந்துபோகிற, இரு வீட்டாரையும் தெரியாத, ஐந்தாவது ஒரு ஆள் வேண்டும். மதிப்புரை எழுதுபவர் அந்த ஐந்தாவது ஆள். உங்கள் தகுதிக் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆசிரியருக்கு வேண்டியவராக இல்லாமல் இருப்பதும், கடைசிப் பக்கம் வரை படித்திருப்பதும். பட்டம் கேட்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போங்கள்.

கடைசிப் பக்கம் வரை என்று சொன்னதற்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. தொண்ணூறுகளில் ஓர் இதழுக்கு அவசரமாக ஒரு நாவல் மதிப்புரை கொடுக்க வேண்டியிருந்தது. முக்கால்வாசி படித்திருந்தேன். மருத்துவமனையில் கிடந்த பெரியவரின் நிலைமையைப் பார்த்து அவர் பிழைக்கமாட்டார் என்று நானே முடிவு செய்து, “அவருடைய மரணம் நாவலின் உச்சம்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சாகிப் பத்தாம் நாள் நாவலாசிரியரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை. திட்டு ஒன்றும் இல்லை. “ஐயா, தாங்கள் கொன்றவர் 212ஆம் பக்கத்தில் பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருக்கிறார். சௌகரியப்படும்போது போய்ப் பார்த்துவிட்டு வரவும்.” இதழாசிரியரிடம் சொல்லி அடுத்த இதழில் திருத்தம் போடச் செய்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் என் வீட்டு ஓட்டைப் பிரித்துப் போட்டபோது அலமாரியில் பாதி ஊறிப்போயிற்று. அந்த அட்டை ஒரு நோட்டுக்குள் இருந்ததால் மை பரவியபடி மிஞ்சியிருக்கிறது. பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பற்றியும் எழுதலாம், தப்பில்லை. “140ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன், காரணம் இது” என்று சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிச் சொன்னதற்காக யாரும் கோபித்ததில்லை.

வகை மாறுவது பற்றிக் கேட்டீர்கள். ஆளை மாற்றி, ஊரை மாற்றி, வகையையும் ஒரே நாளில் மாற்றினால் மனசு ஒட்டாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். உங்களுக்குச் சரித்திரம் பழக்கம், புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ நீங்கள் பழகிய சரித்திர நாவல்தான், ஆனால் ராஜா ராணி வாள்வீச்சு இல்லாதது. அதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அதற்கு ஆதாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் 1736இலிருந்து 1761 வரை எழுதியது. நாவலை முடித்த கையோடு நாட்குறிப்பைத் தொட்டால், நீங்கள் அறியாமலே புனைவிலிருந்து ஆவணத்துக்கு வந்திருப்பீர்கள். அதே தெருக்களில் 1908 முதல் 1918 வரை பாரதி நடந்தார். அங்கே எழுதிய அவருடைய உரைநடையை எடுத்தால் கட்டுரை, அப்படியே கவிதை. பாரதிதாசன் அந்த ஊரிலேயே பிறந்தவர். கடைசிக் காலம் வரை கி. ராஜநாராயணன் அங்கே இருந்தார், அவர் வழியாக நாட்டுப்புறக் கதைக்கும் கடித இலக்கியத்துக்கும் போகலாம். ஒரே ஊர், ஆறு வகை. கடலூரிலும் இது நடக்கும். புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில். சிறுகதைக்கு இதைவிடக் கிட்டத்தில் வாசல் வேண்டுமா? இவர்களெல்லாம் பழையவர்கள், நான் கேட்டது புதியவர்களை என்பீர்கள். பழையவர்களோடு பழகிய பிறகுதான் புதியவர் எங்கே புதியவர் என்று தெரியும். புதியவர்கள் பட்டியல் வேண்டுமானால் சாகித்ய அகாதெமியின் பெரிய பரிசைவிட, 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதல் தரப்படும் யுவ புரஸ்கார் பட்டியலைப் பாருங்கள். எல்லாத் தேர்வும் எனக்கு உவப்பானது என்று சொல்லமாட்டேன், தேடத் தொடங்க அது போதும்.

ஒவ்வொரு வகையையும் ஒரே படியால் அளக்கக் கூடாது. சிறுகதைத் தொகுப்பில் முதல் கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருப்பதில் நல்லதை முன்னால் வைப்பார்கள், பழக்கடை மாதிரி. நடுக் கதையைப் படியுங்கள். துப்பறியும் நாவலில் குற்றவாளியை உங்களுக்கு நேர்மையாகக் காட்டியிருந்தாரா, கண்ணைக் கட்டிவிட்டாரா என்பதே கேள்வி. வரலாறு, அறிவியல் கட்டுரை நூல்களில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் பிடித்துச் சரிபாருங்கள். ரசாயனத் தொழிற்சாலையில் வேலை என்றால் ஒரு சுற்றுச்சூழல் நூலில் என்னைவிட நீங்கள்தான் பிழை கண்டுபிடிப்பீர்கள். அந்த ஒரு இடம் தவறென்றால் மற்ற இடங்களைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டியதுதான். சிறுவர் நூலை ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டாமல் எழுதவே கூடாது. கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். இதற்கு மேல் கவிதையில் நான் வாயைத் திறக்கவில்லை.

கதைச்சுருக்க வியாதிக்கு வருகிறேன், இதற்கும் மருந்து நன்னூலிலேயே இருக்கிறது. பாயிரத்தில் எட்டுச் செய்தி வர வேண்டும் என்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். நீங்கள் எழுதும் கதைச்சுருக்கம் இதில் ‘நுதலிய பொருள்’, அதாவது நூல் சொல்லும் விஷயம் மட்டும், எட்டில் ஒன்று. மிச்சம் ஏழு காலியாக இருப்பதால்தான் அந்த ஒன்று வீங்கிக்கொண்டே போகிறது. வழி என்றால் இந்தப் புத்தகம் யாருக்குப் பிள்ளை: யாருடைய நடையிலிருந்து வந்தது, எங்கே பிரிந்து போகிறது. யாப்பு என்றால் எப்படிக் கட்டியிருக்கிறார். தொகுத்தது, விரித்தது, தொகுத்தும் விரித்தும் செய்தது, மொழிபெயர்த்தது என்று நூல் செய்யும் வகையை அந்தக் காலத்திலேயே நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லை என்பதற்கு நூல் வழங்கும் நிலப்பரப்பு என்பது உரை. நான் அதைக் கொஞ்சம் இழுத்து, ஆசிரியர் தனக்குப் போட்டுக்கொண்ட வேலி என்று வைத்துக்கொள்கிறேன், புலவர்கள் மன்னிக்க வேண்டும். 120 பக்கக் குறுநாவலிடம் மூன்று தலைமுறைக் கதை ஏன் இல்லை என்று கேட்பது அந்த வேலியைத் தாண்டிய கேள்வி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘கேட்போர்’. இதை யார் படிக்கலாம்? இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது படிக்க முடியுமா, லீவு நாளில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமா? இந்த ஒரு வரி இல்லாத மதிப்புரையை நான் வாங்கும் கணக்கில் சேர்ப்பதில்லை. கதையைச் சொல்வதானால் முதல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறை சொல்லவும் அங்கேயே சொற்கள் கிடைக்கின்றன. நூலின் குற்றம் பத்து என்று அடுக்கும் சூத்திரத்தைப் பாருங்கள்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும். “நாவல் ஏனோ திருப்தி தரவில்லை” என்று எழுதுவதற்குப் பதில், 80ஆம் பக்கத்தில் கடன்காரன் வந்ததும் ஆசிரியர் அவனுடைய அப்பா கதைக்குப் போய் முப்பது பக்கம் திரும்பவில்லை என்று எழுதினால் அது மற்றொன்று விரித்தல். ஆர்ப்பாட்டமாகக் கிளம்பிக் கடைசி ஐம்பது பக்கத்தில் ஆவியாகிப்போகும் நாவல்களுக்கு ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதைவிடப் பொருத்தமான பெயரை நான் இன்னும் பார்க்கவில்லை. குறை சொல்லும் இடத்தில் பக்க எண்ணோடு ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டுங்கள். படிப்பவர் உங்களோடு உடன்படாமல் போகவும் அதுவே வழி கொடுக்கும். புதுமைப்பித்தன் ‘ரசமட்டம்’ என்ற பெயரில் காரசாரமாக எழுதினார் என்று நாமும் கத்தியை எடுக்க வேண்டாம். அவர் கைக்கு அது அடங்கியது.

நட்சத்திரம் போடும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு சமையல் புத்தகத்துக்கும் ஒரு தன்வரலாற்றுக்கும் தலா நான்கு கொடுத்தால் அந்த நான்கு எதைக் குறிக்கிறது? என் வயதுக்காரர் பிடிவாதமாகவும் இது இருக்கலாம். மதிப்புரை படித்துத்தான் புத்தகம் விற்கிறது என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒன்று கண்கூடு: நான் ஒரு புத்தகத்தைப் பற்றி அறிவிப்புப் பலகையில் கையால் பத்து வரி எழுதி ஒட்டினால் அந்த வாரமே அது இரவலாகும். இதில் எனக்கு வழிகாட்டி சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். அலமாரியில் தூங்கும் புத்தகத்துக்கு அந்த ஆளைத் தேடிப்போகிற வேலைதான் பத்து வரி. நீங்களும் பத்து வரியில் தொடங்குங்கள். ஆசிரியர் இலவசமாக அனுப்பிய பிரதி என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், நண்பர் என்றால் அதையும். சின்ன ஊர் இது. நீங்கள் குறை எழுதிய கவிஞர் மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வருவார். முன்கூட்டியே சொல்லி வைத்தவன் ஒளிய வேண்டியதில்லை, சேர்ந்து டீ குடிக்கலாம். குடித்திருக்கிறேன்.

நூலகப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: தாராளமாக. காசு கொடுத்து வாங்கியவருக்கு, செலவழித்ததற்காகவாவது பாராட்டத் தோன்றும். இரவல்காரருக்கு அந்தச் சபலம் கிடையாது. ஒரு வேண்டுகோள் மட்டும். பிடித்த வரிக்குக் கீழே பென்சில் கோடு போடாதீர்கள். பக்க எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது சீட்டை எடுத்துவிடுங்கள். ரப்பரும் கையுமாக உட்கார்ந்து ஊரார் போட்ட கோடுகளை அழித்த மத்தியானங்கள் எனக்கு நிறைய.